ஸ்டெனோவின் காது

தடுப்புப் பலகையில் வலது காதை ஒட்டி வைத்துக்கொண்டு, ஸ்டெனோ அசுர வேகத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

பலகைக்கு அந்தப் பக்கம் மேலாளர் நடந்துகொண்டே பேசினார். மேசைப் பக்கம் வந்தால் குரல் தடித்தது. ஜன்னல் பக்கம் போனால் மெலிந்தது. மெலியும்போதெல்லாம் ஸ்டெனோ காதை இன்னும் அழுத்தினார்.

"...எனவே, அஞ்சாம் தெரு வால்வை அரைச் சுற்று திறக்கவும். போட்டாச்சா?"

"போட்டாச்சு சார்" என்றது ஒரு பெண் குரல்.

'போட்டாச்சு சார்' என்று ஸ்டெனோவின் உதடுகளும் சத்தமில்லாமல் சொல்லின. பென்சில் முனை ஒடிந்தது. பலகையிலிருந்து காதை எடுக்காமலே சட்டைப் பையிலிருந்து அடுத்த பென்சிலை உருவினார். காது பலகையிலேயே இருந்ததால் கழுத்து சுளுக்கியது. பரவாயில்லை. ஒரு சொல்கூட விடவில்லை.

அது குடிநீர் வினியோக அலுவலகத்தின் சாமான் அறை. பழைய மீட்டர்கள், கால் உடைந்த நாற்காலிகள், மூட்டை மூட்டையாக ரப்பர் வளையங்கள். இவற்றுக்கு நடுவே ஒரு தட்டச்சு இயந்திரம், ஒரு ஸ்டூல், ஸ்டெனோ. முப்பத்தாறு வருடம் மேலாளருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து விழுவதையெல்லாம் சுருக்கெழுத்தில் பிடித்துத் தட்டச்சு செய்து கொடுத்தவர். அந்த நாற்காலியில் மூன்று மாதமாக ஒரு புதுப்பெண் உட்கார்ந்திருக்கிறாள். மேலாளர் சொல்லச் சொல்ல நேராகக் கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். ஸ்டெனோவை யாரும் கூப்பிடுவதில்லை.

ஏன் கூப்பிடுவதில்லை என்பது ஸ்டெனோவுக்குத் தெரியும். தெரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

காது போய்விட்டது.

முழுதாகப் போகவில்லை. ஆனால் போகத் தொடங்கிவிட்டது என்பதற்குச் சாட்சிகள் இருந்தன. "நான் சொல்றது உங்க காதுல விழுதா இல்லையா?" என்று மேலாளர் இந்த மூன்று மாதத்தில் பதினோரு முறை கேட்டிருந்தார். "காதுலயே வாங்க மாட்டேங்கறாரு" என்று புதுப்பெண் டீ கொண்டுவரும் அம்மாவிடம் முணுமுணுத்ததை, இரண்டு அறைகள் தள்ளியிருந்து இவரே கேட்டார். வீட்டில் மனைவி தினமும் சொல்கிறாள். மூன்று பேர் சொன்னால் பொய்யாகுமா?

காது போன ஸ்டெனோவை எந்த ஆபீஸ் வைத்துக்கொள்ளும்? டாக்டரிடம் போனால் எழுத்தில் கொடுத்துவிடுவார். எழுத்தில் வந்துவிட்டால் அந்த நாற்காலி ஒரேயடியாகப் போய்விடும். அதனால் அவர் டாக்டரிடம் போகவில்லை. அதற்குப் பதிலாக, யார் எது சொன்னாலும் தலையாட்டப் பழகிக்கொண்டார். காது கேட்காதவன்தான் 'என்ன, என்ன' என்று கேட்பான். தலையாட்டுகிறவனை யார் சந்தேகப்படுவார்கள்?

போன மாதம் மேலாளர் சாமான் அறைக்கே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவான குரலில் பத்து நிமிடம் பேசினார். ஸ்டெனோ முப்பது தடவை தலையாட்டினார். மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஸ்டெனோ வழக்கம்போல உள்ளே நுழைந்தபோது, அதே மேலாளர் பேயைப் பார்த்தது மாதிரி பார்த்தார். கஷ்டமான விஷயம் எதையும் நாளைக்கு என்று தள்ளிப்போடுகிற மனிதர் அவர். அன்றைக்கும் தள்ளிப்போட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

இன்று காலைகூட அப்படித்தான். வாசலில் புதிதாக வைத்திருந்த வருகைப்பதிவு மெஷினில் ஸ்டெனோ விரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. வேறு விரல். சிவப்பு. பத்து விரலுக்கும் சிவப்பு.

"முப்பத்தாறு வருஷம் தட்டினதுல ரேகையெல்லாம் தேஞ்சு போச்சும்மா" என்று புதுப்பெண்ணிடம் பெருமையாகச் சொன்னார்.

அவள் அவரையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள். "சார், கேக்கறேன்னு தப்பா நெனக்காதீங்க. டயர்டு ஆனதுக்கு அப்புறமும் எதுக்கு சார் தினமும் இப்படி மூணு மாடி ஏறி வர்றீங்க?"

"யாரும்மா டயர்டு? எனக்கு மூச்சு வாங்குதா பாரு" என்றார் ஸ்டெனோ, மூச்சு வாங்கிக்கொண்டே.

"இல்ல சார், நீங்க..."

"நீதான் டயர்டா இருக்க. கண்ணுக்குக் கீழ பாரு, கருப்பா. ஒழுங்கா சாப்பிடு. இந்த ஆபீஸ்ல எல்லாருமே டயர்டு. மேலாளரப் பாத்தியா? பேசும்போதே கொட்டாவி விடறாரு."

புதுப்பெண் வாயைத் திறந்தாள். அவளுக்கும் ஒரு கொட்டாவி வந்தது.

இப்போது அந்தக் கடிதம்.

ஸ்டெனோ தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகித் தட்டினார். அதில் 'க' மட்டும் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். அழகாக மடித்து, கையெழுத்துக்குப் போகும் கோப்பின் நடுவில் சொருகினார். மேலாளர் எதையும் படித்துக் கையெழுத்துப் போட்டதில்லை. படிக்க வேண்டிய அவசியம் வராத மாதிரி முப்பத்தாறு வருடம் பார்த்துக்கொண்டவர் ஸ்டெனோதானே.

மாலையில் வால்வு திருப்புகிறவருக்கு இரண்டு கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. ஒன்று புதுப்பெண் அடித்தது. இன்னொன்று ஸ்டெனோ அடித்தது.

வால்வுக்காரர் யோசிக்கிற ஆள் இல்லை. முதல் கடிதத்தைப் படித்தார். அரைச் சுற்று திறந்தார். இரண்டாவது கடிதத்தைப் படித்தார். இன்னொரு அரைச் சுற்று திறந்தார்.

மறுநாள் காலை அஞ்சாம் தெருவில் செருப்புகள் மிதந்தன.

அலுவலகத்தில் டெலிபோன் ஓயவில்லை. ஸ்டெனோ பலகையில் காதை ஒட்டினார்.

"ஒரே லெட்டர் ரெண்டு தடவை எப்படிம்மா போச்சு?" மேலாளரின் குரல்.

"நான் ஒண்ணுதான் சார் அடிச்சேன்."

"அப்ப இன்னொண்ண யாரு அடிச்சா? பேயா?"

பாவம் அந்தப் பெண், என்று ஸ்டெனோ நினைத்தார். இரண்டு தடவை அனுப்பிவிட்டு அதுவே மறந்துபோயிருக்கிறது. மறதி ஒரு மனுஷனை எப்படியெல்லாம் ஏமாற்றுகிறது. தன் கண்ணெதிரே நடப்பது தனக்கே தெரியாமல் போவது எவ்வளவு பரிதாபம்.

"சரி, எழுதும்மா" என்றார் மேலாளர். "அஞ்சாம் தெரு வால்வை உடனடியாக அரைச் சுற்று மூடவும். மறுபடியும் சொதப்பிடாத."

இந்தப் பெண்ணை நம்பி ஒரு தெருவையே விட முடியாது. இந்த ஒரு கடிதமாவது ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும். ஸ்டெனோ தாளைச் செருகினார்.

வால்வுக்காரர் முதல் கடிதத்தைப் படித்து அரைச் சுற்று மூடினார். இரண்டாவது கடிதத்தைப் படித்து மீதி அரைச் சுற்றையும் மூடினார்.

புதன்கிழமை காலை அஞ்சாம் தெருவில் முகம் கழுவத் தண்ணீர் இல்லை.

பத்து மணிக்கு வால்வுக்காரரே நேரில் வந்துவிட்டார். தோளில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி. கையில் நாலு கடிதம்.

"சார், லெட்டர்ல என்ன இருக்கோ அதத்தான் நான் செய்வேன். தொறன்னா தொறப்பேன். மூடுன்னா மூடுவேன். ஆனா நேத்து தண்ணி வந்துச்சுன்னு திட்டினவங்களே இன்னிக்கு தண்ணி வரலைன்னு திட்டறாங்க. நான் யாருகிட்ட போய் அழறது?"

மேலாளர் நாலு கடிதங்களையும் மேசையில் பரப்பினார். இரண்டில் எழுத்துகள் நேராக நின்றன. இரண்டில் 'க' மட்டும் எட்டிப் பார்த்தது. அவர் நெற்றியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஸ்டெனோ சாரக் கூப்பிடுங்க."

ஸ்டெனோ நோட்டும் நாலு பென்சிலுமாக ஓடி வந்தார். மூன்று மாதம் கழித்து அழைப்பு. பழக்கதோஷத்தில் எதிர் நாற்காலியில் உட்காரப் போய், அதில் புதுப்பெண் இருப்பதைக் கடைசி நொடியில் பார்த்து, நின்றுகொண்டார்.

"இது யார் அடிச்சது?"

"வேல சுத்தமா இருக்கறதப் பாத்தாலே தெரியலையா சார்?"

"ஏன் அடிச்சீங்க?"

"நீங்க சொன்னீங்க, அடிச்சேன்."

"நான் உங்ககிட்டயா சொன்னேன்?" மேலாளரின் குரலில் கோபம்கூட இல்லை, அதற்குத் தெம்பு வேண்டுமே. "இங்க பாருங்க. உங்க மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்குத் தெரியும். ஆனா நீங்கதான் டயர்டு ஆயிட்டீங்களே. அப்புறம் எதுக்கு இங்க வந்து கஷ்டப்படறீங்க? வீட்டுல இருங்க. தூங்குங்க. பேப்பர் படிங்க."

"நான் டயர்டு இல்ல சார்."

"ஐயோ, நீங்க டயர்டு சார்."

"இல்ல சார். நேத்து ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கினேன்."

மேலாளர் புதுப்பெண்ணைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

"எத்தன தடவதான் சொல்றது? ஒரே ஒரு தடவ காதுல வாங்குங்களேன்."

காது. எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டார். 'டயர்டு, டயர்டு' என்று இவர்கள் மூன்று மாதமாகப் பேசுவதன் அர்த்தம் இப்போது புரிந்தது. செவிடு என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சம். நாகரிகமான ஆட்கள். அதனால் களைப்பு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள்.

களைப்பு இல்லை என்று நிரூபித்துவிட்டால்?

"சார், அஞ்சாம் தெரு வால்வ நானே போய் சரி பண்ணிட்டு வர்றேன்" என்றார்.

"நீங்களா?"

"என் கையாலயே திருப்பறேன். டயர்டான ஆளு பண்ற வேலையா இது?"

மேலாளர் மறுக்க வாயெடுத்தார். டெலிபோன் மறுபடி அடித்தது. அவர் கையை மட்டும் ஆட்டினார். அது 'வேண்டாம்' என்றும் இருக்கலாம், 'எங்கேயாவது போங்கள்' என்றும் இருக்கலாம். ஸ்டெனோ 'போய் வாருங்கள்' என்று எடுத்துக்கொண்டார்.

படியில் வால்வுக்காரர் கேட்டார். "நீங்க டயர்டுன்னு எங்க செக்ஷன்லகூட பேசிக்கிட்டாங்களே சார். எல்லாருக்கும் மிட்டாய்கூட வந்துச்சே."

"ஒரு மனுஷன் களைச்சுப் போனா மிட்டாய் குடுத்துக் கொண்டாடுவீங்களாய்யா? என்ன ஜனங்க நீங்க."

வால்வுக்காரர் சாவியைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார். அவர் யோசிக்கிற ஆள் இல்லை.

அஞ்சாம் தெருமுனையில் குழியின் மூடியைத் தூக்கியபோது, காலிக் குடங்களோடு ஒரு சிறு கூட்டம் சேர்ந்துவிட்டது. ஸ்டெனோ சட்டைக் கையை மடித்துவிட்டு இரும்புச் சாவியை வாங்கினார். அது அவர் நினைத்ததைவிட மூன்று மடங்கு கனம்.

"மெதுவா சார். அரைச் சுத்து போதும்."

"தெரியும்."

முதலில் அது அசையவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஸ்டெனோ பல்லைக் கடித்துக்கொண்டு முப்பத்தாறு வருடத்தையும் அந்தச் சாவியின் மேல் போட்டு அழுத்தினார். வால்வு திடீரென்று விட்டுக்கொடுத்தது. சாவி சுழன்றது. கூடவே ஸ்டெனோவும் ஒரு சுற்று சுற்றிக் குழிக்குள் உட்கார்ந்தார். ஏதோ ஒரு மூட்டு கழன்று, குழாயிலிருந்து நேராக அவர் மார்பில் தண்ணீர் அடித்தது.

அவரைத் தூக்கியெடுக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். தூக்கும்போதும் அவர் சொல்லிக்கொண்டே வந்தார்: "நான் டயர்டு இல்ல. நான் டயர்டு இல்ல."

வீட்டு வாசலில் சொட்டச் சொட்ட நின்றவரை மனைவி மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதிலைக் கேட்க வேண்டியிருக்கும். துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"டயர்டு ஆன மனுஷன் பண்ற காரியமா இது?"

"நீயுமா?"

"நான் என்ன புதுசாவா சொல்றேன்? தினமும்தான் சொல்றேன்." முதுகில் தைலம் தேய்த்துவிட்டபடியே பேசினாள். "அது கெடக்கட்டும். டென்ஷன் விஷயமா ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வந்துடலாம்னு எத்தன நாளா கேக்கறேன். நீங்க நேர்ல வந்தாதான் ஆகும்னு சொல்லிட்டாங்க."

"எனக்கென்ன டென்ஷன்? எனக்கு ஒரு டென்ஷனும் கெடையாது."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"நான் சொல்றத நீங்க காதுலயே வாங்க மாட்டேங்கறீங்க" என்றாள். திட்டுகிற குரல் இல்லை. மூட்டையை இறக்கி வைக்கிறவளின் குரல். "எனக்கும் முடியலங்க. சொல்லிச் சொல்லி வாய் ஓஞ்சு போச்சு."

ஸ்டெனோ சுவரைப் பார்த்தபடி குப்புறப் படுத்திருந்தார். முதுகு வலித்தது. கழுத்து வலித்தது. காலிக் குடங்களோடு நின்றவர்களின் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. மூன்று மாதமாகத் தாங்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று, அந்தக் குழாய் மூட்டு மாதிரியே கழன்றது.

"ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க."

"யாருகிட்டயும் சொல்லாத."

"சொல்லல."

"என் காது போச்சு."

அவர் திரும்பிப் பார்த்தார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"மூணு மாசமாவே அப்படித்தான்" என்றார் ஸ்டெனோ. "எல்லாரும் கண்டுபிடிச்சுட்டாங்க. அதனாலதான் என்னைய சாமான் ரூம்ல போட்டுட்டாங்க. நான்தான் ஒத்துக்க மாட்டேன்னு இருந்தேன். உண்மைய எத்தன நாளைக்கு மறைக்க முடியும்?"

"சரிங்க" என்றாள் அவள் மெதுவாக. "அப்ப மொதல்ல காதையே பாத்துடுவோம்."

காது பரிசோதனை நிலையத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். மனைவியே அதை வாங்கி நிரப்பினாள். நிரப்பிக் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவள் அடுத்த நிமிடமே தூங்கிப்போனாள்.

உள்ளே ஒரு கண்ணாடி அறை. பரிசோதிக்கிற பெண் அவருக்குக் காதுக்கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும்.

ஸ்டெனோ கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வருடத்தில் எந்த டிக்டேஷனுக்கும் அவர் இவ்வளவு கவனமாக உட்கார்ந்ததில்லை. ஒரு மருந்தோ மெஷினோ இருந்து, இந்தக் காதைச் சரிசெய்துவிட முடிந்தால் போதும். நாற்காலி திரும்பக் கிடைத்துவிடும்.

கீச்சென்று ஒரு சத்தம். அமுக்கினார். அதைவிடச் சின்னது. அமுக்கினார். கொசு தும்மினால் எப்படி இருக்குமோ அப்படி ஒன்று. அதற்கும் அமுக்கினார். பிறகு அந்தப் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சொற்களைக் கிசுகிசுத்தாள். அவர் திருப்பிச் சொன்னார்.

"படகு."

"படகு."

"விறகு."

"விறகு."

"சிறகு."

"சிறகு. மின்விசிறி சத்தத்துல 'ற' கொஞ்சம் அமுங்குதும்மா. இருந்தாலும் வந்துடுச்சு."

அவள் எட்டிப் பார்த்தாள். குரலை இன்னும் இறக்கினாள். அதற்கும் மேல் இறக்க முடியாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். அதையும் சொன்னார்.

வெளியே வந்ததும் அவள் வரைபடத்தை நீட்டினாள். "சார், இந்த வயசுல இப்படி ஒரு காத நான் பாத்ததே இல்ல. எறும்பு நடக்கறதுகூட உங்களுக்குக் கேக்கும் போலிருக்கு."

ஸ்டெனோ நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு காதுமா?"

"ரெண்டும்."

"எழுத்துல குடுப்பீங்களா?"

"ரிப்போர்ட் தருவோம் சார்."

"சீல் வச்சு?"

"சீல் வச்சே தருவோம்."

ஸ்டெனோவின் முதுகு தானாக நிமிர்ந்தது. நாளைக் காலை ஒன்பதரை. இந்தத் தாள் மேலாளரின் மேசைமேல். வாயே திறக்க வேண்டாம். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டைப் பிரித்து, 'சொல்லுங்க சார்' என்றால் போதும். அந்தப் பெண்ணும் பாவம், கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.

"பேரு, வயசு, எல்லாம் சரி" என்று படிவத்தைப் பார்த்து அந்தப் பெண் தட்டிக்கொண்டிருந்தாள். "தொழில்..."

"ஸ்டெனோ. குடிநீர் ஆபீஸ். அத மட்டும் பெரிய எழுத்துல போடும்மா."

"உங்க வீட்டம்மா இங்க வேற எழுதியிருக்காங்களே சார்."

"என்ன எழுதியிருக்கா?"

அவள் படித்தாள்.

ஸ்டெனோ சிரித்தார். "டயர்டா? அவ அப்படித்தாம்மா. வீட்டுல, ஆபீஸ்ல, எல்லாரும் இதையேதான் சொல்லிட்டிருக்காங்க. மூணு மாசமா ஒரே பாட்டு. அத அடிச்சுட்டு ஸ்டெனோன்னு போடு."

அந்தப் பெண் படிவத்தை அவர் பக்கம் திருப்பி, அந்தச் சொல்லின் தொடக்கத்தில் விரலை வைத்தாள்.

"டயர்டு இல்ல சார். முன்னால ஒரு 'ரி' இருக்கு பாருங்க, ரிட்டயர்டு."